ரெண்டு நாளா, பன்னிரண்டு நாளா?

"ரெண்டு நாள் ஐசியு, அப்புறம் வார்டு." சித்தப்பாவுக்கு பைபாஸ் முடிந்த அன்று எங்களிடம் சொன்னது அவ்வளவுதான். ஃப்ளாஸ்க், ஒரு மாற்றுப் புடவை, கைக்குட்டையில் சுற்றிய சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று ஒரே பையோடு வந்த சித்தி, ஒன்பதாம் நாளும் ஐசியு வாசல் நாற்காலியில்தான் இருந்தார். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், இரண்டு நிமிடம் எட்டிப் பார்க்கலாம்.

இது முன்கூட்டியே தெரியாத விஷயமா? 1999-ல் ஐரோப்பாவில் வந்தது யூரோஸ்கோர். 2012-ல் அதன் இரண்டாம் வடிவம். வயது, சிறுநீரகம், இதயத்தின் பம்பிங், நுரையீரல் நோய், அவசர ஆபரேஷனா என்ற விவரங்களைக் கொடுத்தால் சதவீதத்தில் ஓர் எண் வரும். உயிராபத்தைக் கணிக்கச் செய்த கணக்கு அது. எண் ஏறினால் ஐசியு நாட்களும் ஏறுவதைப் பிறகு கவனித்தார்கள். 'நீண்ட நாள்' என்பதற்குத்தான் ஆளுக்கொரு அளவு: சிலருக்கு 48 மணி நேரம், சிலருக்கு 5 நாள். வாத ஜுரத்தால் வால்வு கெட்டு இளவயதிலேயே வரும் நம் ஊர் நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கதை.

சித்தப்பாவுக்கு 71 வயது. கிரியாட்டினின் கூடுதல். முப்பது வருஷ பீடி. ஆபரேஷன் ஆன இரவே இன்னும் துப்பு கிடைத்திருக்கும்: ஹார்ட்-லங் மெஷினில் இருந்த நேரம், வென்டிலேட்டர் குழாயை எடுக்க முடிந்ததா, மணிக்கு மணி மூத்திரப் பையில் சேரும் அளவு.

படுக்கை ஒதுக்க உதவும் கணிப்பு, பணம் புரட்ட வேண்டிய குடும்பத்தின் காதுக்கு ஏன் வருவதில்லை? பேக்கேஜ் நாட்கள் தீர்ந்ததை எங்களுக்குச் சொன்னது பில்லிங் கவுன்ட்டர். நூறு பேருக்கான கணக்கை ஒருவர் தலையில் கட்டிப் பயமுறுத்தக் கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். வாஸ்தவம். ஆனால் சித்தி இருபது வருஷமாகச் சீட்டு நடத்துகிறவர். நூறில் எத்தனை பேர் தவணை தவறுவார்கள் என்ற கணக்கு அவருக்குப் புரியாதா?

அந்த ஒன்பதாம் நாள் ராத்திரி சித்தப்பா பிதற்ற ஆரம்பித்தார். தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்களாம். நர்ஸ் வெளியே வந்து, "கண்ணாடி போடுவாராம்மா? இருந்தா குடுங்க" என்றார்.

ரெண்டு நாளுக்குக் கண்ணாடி எதற்கு என்று சித்தி அதைப் பையிலேயே வைத்திருந்தார்.