வாசலிலே ஒரு டெட் ஸ்டாக்!

கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியில் கல்யாணச் சேலை எடுப்பது ரொம்ப சுலபம். சேலை எடுக்க வந்த காரை நிறுத்துவதுதான் நாள், நட்சத்திரம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்!

மச்சினனுக்குக் கல்யாணம். 'கூறைச் சேலை எப்பவும் எடுக்கற கடையிலதான்' என்று அத்தை கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். முப்பது வருஷத்து வாடிக்கை. என் சம்சாரத்துக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது பட்டுப் பாவாடை எடுத்ததே அங்கேதானாம்.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாமா, அத்தை, சம்சாரம் சகிதம் போய்ச் சேர்ந்தேன். ராஜ வீதி, பெரிய கடை வீதி, எங்கேயும் இடமில்லை. டவுன்ஹால் பக்கம் மூன்று ரவுண்டு வந்தாயிற்று. 1892-ல் விக்டோரியா ராணி பேரில் அந்த ஹாலைக் கட்டியவர்கள், குதிரை வண்டி நிறுத்தவாவது இடம் யோசித்திருப்பார்கள்.

"இதுக்கு கோனியம்மன் கோயிலைச் சுத்தியிருந்தா புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்" என்றாள் சம்சாரம்.

கடைசியில் உக்கடம் பக்கம் ஒரு சந்தில் காரைச் செருகிவிட்டு நடந்தோம். அத்தைக்கு மூட்டு வலி. இரண்டு இடத்தில் கடைப்படியில் உட்கார்ந்து எழுந்தார். "பரவால்லீங் மாப்பிள்ளை" என்று அவர் சொன்ன விதத்திலேயே பரவாயில்லாமல் இல்லை என்று தெரிந்தது.

கடை வாசலில் இரண்டு கார். பக்கத்தில் வரிசையாக ஸ்கூட்டர்கள். உள்ளே ஈ, காக்கா இல்லை. முதலாளியிடம் கேட்டேன்:

"ஏனுங்கண்ணா, வாசல்ல நிக்கற காரு யாருதுங்க?"

"ஒண்ணு என்றதுங்க. இன்னொண்ணு தம்பியோடதுங்க. ஸ்கூட்டரெல்லாம் நம்ம கடைப் பசங்களுதுங்க."

"எப்பங்க எடுப்பீங்க?"

"கடை சாத்தறப்பத்தானுங்க. ராத்திரி ஒம்பதரை ஆயிருமுங்க. காலைல நேரத்துலயே வந்தாத்தானுங்க எடமே கெடைக்குது!"

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். கிட்டத்தட்ட 135 சதுர அடி. ஒப்பணக்கார வீதியில் அத்தனை இடம் கடைபோட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், அட்வான்ஸ் தொகையைக் கேட்டே மயக்கம் வரும். அதே இடம் ரோட்டில் என்றால் ஓசி! மணிக்கு ஒரு வாடிக்கையாளர் என்று பத்து பேர் வந்துபோக வேண்டிய இடத்தில், முதலாளியின் கார் பத்து மணி நேரம் வெயில் காய்கிறது. நகராத சரக்குக்கு 'டெட் ஸ்டாக்' என்று பெயர். ஆடித் தள்ளுபடியில் சேலையைத் தள்ளிவிடத் தெரிந்தவருக்கு, வாசலில் நிற்கும் டெட் ஸ்டாக் கண்ணில் படவில்லை.

இது நம்மூர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டியிலும் இதே கதைதான். கடைவீதியில் வேலை பார்ப்பவர்களே காலையில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட, வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை. கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரர் (நம்ம ஜாதி!) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காசு போட்டால் ஓடும் மீட்டர்! 1935 ஜூலையில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே வந்தது. மணிக்கு ஐந்து சென்ட். முதலில் வீதியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தார்களாம். கொஞ்ச நாளில் எதிர்ப்பக்கக் கடைக்காரர்கள், 'எங்களுக்கும் வையுங்கள்' என்று வந்து நின்றார்களாம். வியாபாரி என்றால் வியாபாரி!

இங்கேயும் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அடுக்குமாடி கார் நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். முந்நூறு கார்களுக்கு மேல் நிற்கும். நல்ல காரியம். ஆனால் ரோட்டோரம் ஓசியில் கிடைக்கும்வரை மாடியேற யாருக்கு மனசு வரும்?

வீடு திரும்பும்போது மாமா சொன்னார்: "அந்தக் காலத்துல சந்தைக்கு வண்டி பூட்டிட்டு வந்தா சுங்கம் குடுத்துப்போட்டுத்தான் உள்ள போவோமுங் மாப்பிள்ளை. சரக்கு எறக்குனதும் வண்டிய அக்கட்டால ஓட்டீரோணும். மாடே சொன்ன பேச்சுக் கேட்டுதுங்க!"

அதேதான் வழி. கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் தள்ளி ஒரு காலி இடத்தை வாடகைக்குப் பிடித்து, தங்கள் வண்டியையும் பசங்கள் வண்டியையும் அங்கே விடலாம். வாசல் இடம் வாங்க வருகிறவர்களுக்கு. அவர்களுக்கும் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் நின்றால் சுங்கம்!

ரிசப்ஷன் சேலைக்கு நாள் குறித்தபோது அத்தை மெதுவாகச் சொன்னார்: "மாலுக்கே போயிரலாமுங் மாப்பிள்ளை. காரை அடியிலயே உட்டுக்கலாம், லிஃப்ட்டும் இருக்குது."

முப்பது வருஷத்து வாடிக்கை மூட்டு வலியில் முடிந்தது. பாவம், முதலாளிக்கு இது தெரியவே தெரியாது. வராத வாடிக்கையாளருக்கு எந்தப் பில்லில் கணக்கு?

நேரிலேயே சொல்லிவிடலாம் என்று போன வாரம் போனேனுங்க. சொல்ல முடியவில்லை.

வண்டி நிறுத்த இடமில்லை!