மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டு

பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கும்போது டப்பாவின் மூடியில் சிறிய சீட்டு ஒன்றை ஒட்டித் தருகிறார்கள். பெயின்டர் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மூடியைத் திறக்கிறார். மூடி தரைக்குப் போகிறது, அதன்மேல் பிரஷ் உட்காருகிறது, சாயங்காலத்துக்குள் சீட்டு இருந்த இடமே தெரிவதில்லை. அந்தச் சுவரின் ஜாதகம் முழுவதும் அதில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் குளியலறைக் குழாய் கசிந்து, கூடத்துச் சுவரை இரண்டடி அகலத்துக்கு உடைத்துப் பூச வேண்டி வந்தது. பூச்சு வேலை ஒரே நாளில் முடிந்தது. “ஷேட் நம்பர் இருக்கா சார்?” என்று பெயின்டர் கேட்டபோது, சந்தன நிறம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஷேட் கார்டை விரித்தால் சந்தனத்துக்கு அக்கம்பக்கமாகவே ஏகப்பட்ட கட்டங்கள். ஒன்றைத் தேர்ந்து அடித்தோம். காய்ந்ததும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிந்தது. கடைசியில் நான்கு சுவரையும் முழுதாக அடிக்க நேர்ந்தது.

சுண்ணாம்பு அடித்த காலத்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் வீடு முழுக்க வெள்ளையடிப்பார்கள். வெண்மை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். இன்று ஒரு முறை எமல்ஷன் அடித்தால் ஐந்தாறு வருடம் விட்டுவிடுகிறோம். அதற்குள் புது பிளக் பாயின்ட், ஏசிக்கு ஓட்டை, ஓதம் என்று சுவரில் கைவைக்காத வீடு அரிது.

நிறம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் எதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்பது தானே புரியும். கடையில் பீரோ மாதிரி நிற்கும் டின்டிங் மெஷினுக்குள் கறுப்பு, மஞ்சள், செங்காவி, நீலம், பச்சை என்று பொதுவாக 12 முதல் 16 சாயக் கலன்கள் இருக்கும். சாயம் அடியில் தங்கிவிடாமல் அவ்வப்போது உள்ளேயே கிளறப்படும். கம்ப்யூட்டரில் ஷேட் நம்பரைத் தட்டியதும், எந்தச் சாயம் எத்தனை மில்லி என்ற கணக்கு வருகிறது. அதன்படி சாயங்கள் டப்பாவுக்குள் விழுகின்றன. பிறகு டப்பாவை இன்னொரு எந்திரத்தில் இறுக்கிச் சில நிமிடம் குலுக்குகிறார்கள். வெளிர் நிறத்துக்கு விழும் சாயம் மிகக் கொஞ்சம். அதில் சிறிது கூடினாலும் குறைந்தாலும் சுவரில் தெரிந்துவிடும்.

சாயம் விழுகிற அந்த டப்பாவில் இருப்பதுதான் பேஸ். வெளிர் நிறங்களுக்கான பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். அடர் சிவப்பு, அடர் நீலத்துக்கான பேஸில் அது மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஒரே அளவு சாயத்தை இரண்டிலும் விட்டால் இரண்டு வேறு நிறங்கள் கிடைக்கும். ஷேட் நம்பர் மட்டும் போதாது என்பது இதனால்தான். கம்பெனி, பெயின்டின் பெயர், பேஸ், மேட்டா பளபளப்பா என்பது எல்லாம் வேண்டும். நம்பர் ஒன்றாகவே இருந்தாலும் மேட் சுவரில் பளபளப்பு பெயின்ட் வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும்.

நிறமானி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. சுவரிலிருந்து பெயர்த்த சில்லின்மேல் ஒளியைப் பாய்ச்சி, 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, அதற்கேற்ற கலவையைச் சொல்லும் கருவி அது. நல்ல வழிதான். ஆனால் அது படிப்பது சில்லின் இன்றைய நிறத்தை. பீரோவுக்குப் பின்னால் எடுத்த சில்லும் ஜன்னலோரச் சில்லும் வேறு வேறு விடை சொல்லும்.

குறிப்பு கையில் இருந்தாலும் வயதான சுவரில் புதுத் திட்டு துலங்கவே செய்யும். அப்போது அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை அடித்தால் போதும். மூலையில் வெளிச்சம் விழும் கோணமே மாறுவதால் சின்ன வித்தியாசம் கண்ணில் படாது. நான்கு சுவர் வேலை ஒரு சுவரோடு முடியும்.

பெயின்ட் அடித்த வருடத்தையும் எழுதிவைக்க வேண்டும். அதற்கு நிறப் பொருத்தத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் கதவிலும் கம்பியிலும் அடித்த எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வருடம் தெரியாத பழைய எனாமலை ஈரப்படுத்தித்தான் தேய்க்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

நான் இப்போது அறைக்கு ஒரு பக்கம் வைத்து எழுதுகிறேன்: தேதி, சீட்டில் உள்ள விவரம் அத்தனையும், எந்த ப்ரைமர், பட்டி பார்த்தோமா, எத்தனை கோட், எத்தனை லிட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது என்று எழுதியிருப்பதால், அடுத்த முறை ஒரு டப்பா கூடுதலாக வாங்கமாட்டேன். கெட்டி அட்டையில் அதே பெயின்டை ஒரு இழுப்பு இழுத்துக் காயவைத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். மிச்சப் பெயின்ட் கால் லிட்டரைக் காற்றுப் புகாத பாட்டிலில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டப்பா இருந்தால் இன்றைக்கே இறக்கி மூடியைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து படிக்க முடிந்தால் படம் எடுங்கள், நோட்டிலும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பல கடைகளில் அந்தச் சீட்டு மையில் அச்சடித்தது அல்ல. சூட்டில் கறுக்கும் தாள், பரணின் வெக்கையில் எழுத்து தங்காது.