விட்னி தேடிய பிளவு

1872 மார்ச் 26, அதிகாலை இரண்டரை மணி. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஒரு மரக்குடிலில் தூங்கிக்கொண்டிருந்த ஜான் மியூரை நிலநடுக்கம் உலுக்கி எழுப்பியது. நிலா வெளிச்சத்தில் வெளியே ஓடிவந்தார். கால் தரையில் பாவவில்லை. சற்று நேரத்தில் தெற்குச் சுவரிலிருந்து ‘கழுகுப் பாறை’ என்ற முகடு கழன்று, உரசிய இடமெல்லாம் தீப்பொறி பறக்க, துண்டு துண்டாகக் கொட்டியது. தூசி அடங்கும் முன்பே மியூர் அந்தக் கற்குவியலின்மேல் ஏறிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

விடிந்ததும், பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழித்த சிலர் விடுதி ஒன்றின் முன்னால் கூடினார்கள். எல்லோர் மனத்திலும் ஒரே பயம்: பள்ளத்தாக்கின் அடித்தளம் இன்னொரு முறை உள்வாங்கப் போகிறதோ? அவர்களில் ஒருவர், அந்தப் பள்ளத்தாக்கு உண்டானதே அப்படித்தான் என்று உறுதியாக நம்புகிறவர். உங்கள் கொள்கை இப்போது மெய்யாகப் போகிறது பாருங்கள் என்று மியூர் அவரைச் சீண்டினார். அந்த மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சமவெளிக்குப் போய்விட்டார். மியூரோ ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்தார். அடுத்தடுத்து வந்த அதிர்வுகளை அந்தத் தண்ணீரின் அசைவில் கவனிக்கலானார்.

அந்தக் கொள்கைக்குச் சொந்தக்காரர் ஜோசையா விட்னி. கலிபோர்னியா மாநில நிலவியல் ஆய்வுத்துறையின் தலைவர், ஹார்வர்டு பேராசிரியர். யோசெமிட்டியின் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் சுவர்களையும், தட்டையான தரையையும் பார்த்த அவர், நிலத்தில் விழுந்த பிளவின் வழியே இடையிலிருந்த துண்டு அப்படியே கீழே இறங்கிவிட்டது என்று முடிவுகட்டினார். பாதி வெட்டப்பட்ட கோளம்போல நிற்கும் ‘ஹாஃப் டோம்’ குன்று அவருக்கு நல்ல சான்றாகத் தெரிந்தது. மறுபாதி அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டதாம். மனிதக் கால் அதன் உச்சியில் படவே முடியாது என்றும் அவர் கருதினார். 1875இல் ஜார்ஜ் ஆண்டர்சன் என்பவர் பாறையில் துளையிட்டு இரும்பு ஆணிகளை அடித்துக்கொண்டே ஏறி உச்சியில் நின்றார்.

மியூருக்கு அன்று பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. மர அறுவை ஆலையில் கூலிவேலை, ஒரு கோடையில் ஆட்டுமந்தை ஓட்டும் வேலை. ஆனால் மலையை முழுக்கக் கால்நடையாக அளந்தவர். பனியாறு தேய்த்து மெருகேற்றிய பாறை முகங்களையும், ஒரே திசையில் ஓடும் கீறல்களையும் பார்த்து, பள்ளத்தாக்கைக் குடைந்தது பனியே என்று 1871இல் எழுதினார். விட்னி அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு பல ஆண்டுகள் அங்கே வேலை செய்த அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் பிரான்சுவா மத்தேஸ், 1930இல் வெளியிட்ட அறிக்கையில் வழக்கைத் தீர்த்துவைத்தார். முதலில் ஆறு அரித்தது, பிறகு பனியாறு ஆழமாக்கி அகலப்படுத்தியது. எல்லாமே பனியின் வேலை என்ற அளவில் மியூரும் மிகைப்படுத்தியிருந்தார்தான். ஆனால் விட்னி சொன்ன பெரும்பிளவு அங்கே இல்லை.

அது மலைத்தொடரின் மறுபக்கத்தில் இருந்தது. அதுவும் விட்னியின் பெயரைத் தாங்கிய சிகரத்தின் அடிவாரத்தில்.

சியரா நெவாடா மலைத்தொடர் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளம். மேற்கே இருந்து வருபவருக்கு அது மலையாகவே தெரியாது. நிலம் மெல்ல மெல்ல, 80 கிலோமீட்டருக்கும் மேலாக உயர்ந்துகொண்டே போகும். உச்சியைத் தாண்டி கிழக்கே எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்திலிருந்து, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் லோன் பைன் ஊர் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான இறக்கத்தில் கிடக்கிறது. கிணற்று மூடியை ஒரு பக்கம் நெம்பித் தூக்கிவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மலை. கிழக்கு விளிம்பு தூக்கப்பட்டது, மேற்கு விளிம்பு தாழ்ந்து கலிபோர்னியாவின் நடுச் சமவெளி மண்ணுக்கடியில் புதைந்தது.

மார்ச் 26 அன்று நிலம் கிழிந்ததும் அந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கில்தான். லோன் பைனில் இருந்த 59 வீடுகளில் 52 தரைமட்டமாயின. பெரும்பாலும் வெயிலில் காயவைத்த பச்சைக்கல் சுவர்கள். 27 பேர் இறந்தார்கள். நிலத்தின் கிழிசல் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. வேலிகளும் பாதைகளும் அறுந்து, பல மீட்டர் தள்ளிப் போய் நின்றன. தரை தாழ்ந்த ஓரிடத்தில் தண்ணீர் தேங்கி டயஸ் ஏரி உண்டானது.

விட்னி அங்கே நேரில் போனார், பார்த்தார், அதே ஆண்டு ஒரு மாத இதழில் விரிவாக எழுதினார். ஆனால் அந்தக் கிழிசலையும் தலைக்குமேல் நின்ற மலையையும் ஒரே நூலில் கோத்தவர் வேறொருவர். 1883இல் நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு வந்து அந்தக் கிழிசலோரம் எழுந்து நின்ற நிலப்படியைப் பார்வையிட்டார். பாறையில் இறுக்கம் சேர்ந்துகொண்டே போகிறது, உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது, பிடி விடும்போது பிளவின் ஒரு பக்கம் துள்ளி நகர்கிறது, அந்தத் துள்ளல்தான் நிலநடுக்கம் என்றார் அவர். அப்படிப்பட்ட துள்ளல்கள் பலப்பல சேர்ந்தால் மலை. அதே ஆண்டு, இதே மாதிரி ஒரு மலையின் காலடியில் இருக்கும் சால்ட் லேக் நகரத்து மக்களுக்கு அந்த ஊர்ச் செய்தித்தாள் வழியாக எச்சரிக்கையும் எழுதினார்.

அப்படியானால் மலை பிளவின் பிள்ளை. கல்? கல் வேறொரு கதை.

சியராவின் உடம்பில் பெரும்பகுதி கிரானைட் வகைப் பாறை. நம்மூரில் கிரானைட்டுக்குப் பெயர் கருங்கல். சியராவிலோ அது வெளிறிய சாம்பல் நிறம். சுத்தியலால் உடைத்துப் பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும் குவார்ட்ஸ், பால் நிற பெல்ஸ்பார், காக்காப்பொன் என்று சிறுவர்கள் பொறுக்கும் மைக்கா எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பருமனில் பின்னிக்கிடக்கும். அந்தப் பருமன்தான் துப்பு. சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் பெரிய கற்கண்டு கிடைப்பதுபோல, பாறைக்குழம்பு பூமிக்கடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், நீண்ட காலம் ஆறினால்தான் இவ்வளவு பெரிய படிகங்கள் வளரும்.

குழம்பு எங்கிருந்து வந்தது? டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், பசிபிக் கடலடியிலிருந்த ஃபரல்லான் என்ற புவித்தட்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தது. அது இறங்க இறங்க, அதிலிருந்து கசிந்த நீர் மேலேயிருந்த சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்தது. உருகியது மேலேறியது. ஒரு பகுதி எரிமலைகளாக வெளியே வந்தது. இன்றைய ஆண்டிஸ் மலையைப் போன்ற ஒரு காட்சி. பெரும்பகுதி வழியிலேயே தங்கி, பழைய பாறைகளுக்குள் ஊடுருவி இறுகியது. இப்படி நூற்றுக்கணக்கான ஊடுருவல்கள் ஒன்றையொட்டி ஒன்றாக அடுக்கப்பட்டவைதான் இன்றைய மலையின் கிரானைட் உடல்.

ஒவ்வோர் ஊடுருவலும் ஒரே வீச்சில் பொங்கி வந்த குமிழி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். கிரானைட்டுக்குள் மணல் துகளளவே இருக்கும் சிர்கான் படிகங்கள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. சிர்கானில் சிறைப்பட்ட யுரேனியம், கடிகாரம்போலக் கணக்குத் தவறாமல் ஈயமாக மாறுகிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரியும். ஹாஃப் டோமையும் அதை அடுத்த டுவாலமி உயர்நிலத்தையும் சேர்ந்த பாறைத் தொகுதியை அளந்தபோது, வயது ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளிலிருந்து 8.5 கோடி ஆண்டுகள் வரை பரவியிருந்தது. ஒரே குமிழியாக இருந்திருந்தால் அதற்கு வெகு முன்பே உறைந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கோடி ஆண்டுகளாக, குழம்பு தவணை முறையில் வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு ஃபரல்லான் தட்டு சரிவு குறைந்து, கண்டத்துக்கடியில் ஏறக்குறையக் கிடையாகச் செருகத் தொடங்கியது. அடுப்பு அணைந்தது. மேலேயிருந்த எரிமலைகளை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துச் சமவெளியில் கொட்டின. கூரை போனபின் வெளிச்சத்துக்கு வந்ததுதான் கிரானைட். கூரையின் மிச்சங்கள் இன்றும் சில உச்சிகளில் உண்டு. வெளிறிய மலைகளுக்கு நடுவே டானா சிகரம் செம்பழுப்பாக நிற்பது அதனால்தான்.

ஆழத்தில் அழுந்திக்கிடந்த கல்லுக்குத் தலைமேல் பாரம் இறங்கியதும் மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் விழுகின்றன. வெங்காயத் தோல்போலப் பாறை ஏடு ஏடாக உரிகிறது. குன்றுகளின் மொட்டைத்தலை உருவம் இப்படி வந்தது. ஹாஃப் டோமின் தட்டையான முகமும் பள்ளத்தாக்கு இறங்கியதால் வந்ததல்ல. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் செங்குத்து வெடிப்புகள் வழியே பாளம் பாளமாகச் சரிந்த சுவர் அது. வெடிப்புக்கும் பிளவுக்கும் வேறுபாடு உண்டு. வெடிப்பில் கல் விலகும், அவ்வளவுதான். பிளவில் ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசிக்கொண்டு இடம்பெயரும். விட்னி முதலாவதைப் பார்த்து இரண்டாவதென்று நினைத்துவிட்டார். இந்த உரிதல் இன்னும் ஓயவில்லை. யோசெமிட்டியில் 19 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை ஏட்டில் கருவி பொருத்தி அளந்தபோது, அது வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, நாள்தோறும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் அசைவது தெரிந்தது.

லோன் பைன் ஊருக்கும் விட்னி சிகரத்துக்கும் இடையே அலபாமா குன்றுகள் இருக்கின்றன. உருண்டை உருண்டையான பழுப்புப் பாறைகள். ஆங்கிலேயர் கால இந்திய எல்லையைக் கதைக்களமாகக் கொண்ட ‘கங்கா தின்’ என்ற ஹாலிவுட் படத்தை 1939இல் வெளியிட்டார்களே, அதன் மலைக் காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. பின்னணியில் ஈட்டி முனைகளாக நிற்கும் சியராவைவிட இந்த உருண்டைகள் மிகப் பழையவை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இரண்டும் ஏறத்தாழ 8.5 கோடி ஆண்டு வயதுடைய கிரானைட்தான். ஒன்றைப் பிளவு மேலே தூக்கியது. அங்கே உறைபனி வெடிப்புகளுக்குள் புகுந்து அதைக் கூராக உடைக்கிறது. மற்றொன்று கீழே தங்கி, ஈர மண்ணுக்கடியில் மூலை முடுக்கெல்லாம் மழுங்கியது. பள்ளத்தாக்கின் நடுவில் அதே பாறைத்தளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான வண்டலுக்கு அடியில் கிடக்கிறது. ஆகவே, உச்சிக்கும் இறங்கிய துண்டுக்கும் உள்ள உண்மையான இடைவெளி கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகம்.

1872இன் கிழிசலில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அன்று நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நகர்ந்தது. மேலும் கீழுமான பெயர்ச்சி அதைவிட மிகக் குறைவு. மலையைத் தூக்கும் பிளவு மலையடியை ஒட்டி ஓடுகிறது. 1872இல் துள்ளியது பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் வேறொரு பிளவு. பசிபிக் தட்டு வட அமெரிக்காவை உரசிப் போகும் நகர்ச்சியில் பெரும்பங்கு சான் ஆண்ட்ரியாஸ் பிளவு வழியே நடக்க, ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சியராவின் முதுகுப்புறமாகச் சுற்றிப் போகிறது. மலை உயர்வதோடு வடமேற்காகவும் நழுவிக்கொண்டிருக்கிறது.

எப்போது உயர்ந்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் எழுந்த இளமலை என்பது ஒரு கட்சி. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயரமாகத்தான் இருந்தது என்பது மறுகட்சி. முதல் கட்சியின் கையில் ஒரு நல்ல துருப்புச்சீட்டு இருக்கிறது. எரிமலைக்குழம்பு மேலே வரும்போது ஆழத்துக் கற்களையும் வாரிக்கொண்டு வரும். ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த குழம்பில் மிகக் கனமான, கார்னெட் நிறைந்த கற்கள் இருந்தன. 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்ததில் அவை இல்லை. கிரானைட்டின் அடியில் தங்கியிருந்த கனத்த கசடு இடைப்பட்ட காலத்தில் கழன்று பூமிக்குள் மூழ்கியிருக்க வேண்டும். சரக்கை இறக்கிய படகுபோல மலை மேலே மிதந்தது என்கிறார்கள். செயற்கைக்கோள் அளவைகளும் இப்போது ஆண்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் உயர்வைக் காட்டுகின்றன. அதிலும் ஒரு பங்கு, நடுச் சமவெளியின் விவசாயத்துக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பாரம் குறைந்து வந்தது என்று ஓர் ஆய்வு சொல்கிறது.

விட்னி சிகரத்தின் உச்சியில் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. 1930 செப்டம்பரில் பதித்தது. உயரம் 14,496.811 அடி என்கிறது. இன்றைய கணக்கு 14,505 அடி. மலை எட்டு அடி வளர்ந்துவிட்டதோ என்று ஏறி வருபவர்கள் கேட்பது வழக்கம். கடல்மட்டத்தைக் கணிக்கும் முறை திருந்தியதால் வந்த வேறுபாடு அது. இத்தனை ஆண்டுகளில் மலையின் சொந்த வளர்ச்சி ஒரு சாணுக்குள்தான் அடங்கும். அதே பலகையில், அங்கே வந்து முடியும் நெடும்பாதையின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: ஜான் மியூர் பாதை.