காட்டிக் கொடுக்கும் வெள்ளி!



ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கிய தக்காளி ஒன்றைக் கையில் எடுங்கள். பளபளவென்று இருக்கிறது அல்லவா? அதன் தோலில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒளியால் சொல்ல முடியும்! அந்த வழியைத் திறந்தவர் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர்.

திருச்சி அருகே திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி.வி. ராமன். கல்கத்தாவில் தம் மாணவர் கே.எஸ். கிருஷ்ணனுடன் ஆராய்ச்சி செய்தார். ஒரு பொருளின் மீது ஒரே நிற ஒளி பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது என்று 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தார். எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும், நம் கைரேகையைப் போல! இதுவே 'ராமன் விளைவு'. இதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பிப்ரவரி 28-ஐ நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆனால் ஒரு சிக்கல். நிறம் மாறும் ஒளி ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்குதான். தோலில் துளியூண்டு மருந்து இருந்தால், அதிலிருந்து வரும் ஒளி கருவிக்கே எட்டாது.

1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின் மேல் ஒட்டிய பொருளைச் சோதித்தார்கள். ராமன் ஒளி பலமாக வந்தது! 'சொரசொரப்பில் இடம் அதிகம். அதனால் அதிகப் பொருள் ஒட்டியிருக்கிறது' என்று நினைத்தார்கள். 1977-இல் வேறு இரண்டு குழுவினர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அது மட்டும் காரணமல்ல. வெள்ளியே அந்த ஒளியை லட்சக்கணக்கான மடங்கு பெருக்குகிறது என்று தெரிந்தது.

எப்படி? தாளம் தவறாமல் தள்ளினால் ஊஞ்சல் உயர எழும்பும் அல்லவா? அதுபோல, ஒளி பட்டதும் வெள்ளியின் சின்னஞ்சிறு மேடுகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகின்றன. மேடுகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஒளி குவிந்து வலுவடைகிறது. இந்த மேடுகளை நானோமீட்டரில்தான் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்! தங்கத்துக்கும் இந்தத் திறமை உண்டு. 2010-இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், மெல்லிய உறை போட்ட தங்கத் துகள்களை ஆரஞ்சுப் பழத்தோலில் பரப்பி, அதிலிருந்த பூச்சிமருந்தைக் கண்டுபிடித்தார்கள். பழத்தை நறுக்கவே இல்லை!

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேடுகளும் இடுக்குகளும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அமைவது கடினம். அளவு மாறினால் விடையும் மாறும். இதைச் சரிசெய்து, விலையையும் குறைத்துவிட்டால், சந்தை வாசலிலேயே காய்கறியைச் சோதிக்கலாம். மருந்தைக் குறைத்து அடித்த விவசாயிக்கு நல்ல பெயர். சாப்பிடும் நமக்கு நல்ல உடம்பு!

அதைச் செய்யப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அதுவரை காய்கறி, பழங்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுங்கள். சரிதானே?