உங்களுக்குத் தெரியுமா? ஒரு காலத்தில் பந்து கைக்கு வந்தால்தான் ரயில் கிளம்பும்!

1896 செப்டம்பர் 1 அன்று, காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டு, திருக்கோவிலூரில் ரயிலேறி திருவண்ணாமலையில் இறங்கினார் பதினாறு வயது வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. அவர் வந்தது விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில்.

அதுபோன்ற ஒற்றைத் தடங்களில் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் நெடுங்காலம் காத்தது டோக்கன் எனும் உலோகப் பந்து. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் ஸ்டேஷனில் உள்ள டோக்கன் கருவியிலிருந்து பந்து விழும். அது வெளியே இருக்கும்வரை இரு முனையிலும் இன்னொன்று கிடைக்காது. எளிய, ஆனால் கெட்டிக்கார ஏற்பாடு! பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் ரயிலின் டிரைவரிடம் நீட்டுவார்கள்.

இப்போது பல தடங்களில் ஆக்சில் கவுன்ட்டர். உள்ளே போன அச்சுகளையும் வெளியேறியவற்றையும் எண்ணும். கணக்கு சரியானால்தான் அடுத்த ரயிலுக்கு வழி. கடைசிப் பெட்டி கழன்று நடுவழியில் நின்றுவிட்டால் அதுவும் தெரிந்துவிடும்.