பேட்டரி இல்லாத ஒட்டுவில்லை

ஃபாஸ்டேக் ஒட்டுவில்லைக்குள் பேட்டரி கிடையாது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலி சுங்கச்சாவடியில் வண்டி நுழையும்போது, மேலே உள்ள ரீடர் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ரேடியோ அலையை வீசுகிறது. ஒட்டுவில்லையின் மெல்லிய உலோக ஆன்டெனா அதை வாங்க, சிப்புக்குள் இருக்கும் சுற்று நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. சில பத்து மைக்ரோவாட் கிடைத்தாலே சிப் விழித்துக்கொள்ளும்.

விழித்த சிப் பதில் சொல்லும் விதம்தான் வியப்பானது. அது சொந்தமாக எந்த அலையையும் உண்டாக்குவதில்லை. ஆன்டெனாவோடு சேர்ந்த மின்சுமையை மாற்றி மாற்றி, தன்மேல் பட்டுத் திரும்பும் அலையைக் கூட்டிக் குறைக்கிறது. மொட்டைமாடியில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து அடுத்த தெருவுக்குச் சைகை காட்டுவது போன்றது இது. வெளிச்சம் சூரியனுடையது, சேதி மட்டும் கண்ணாடி பிடித்தவருடையது. அலையை உண்டாக்கும் செலவு முழுவதும் ரீடருடையது என்பதால்தான் ஒட்டுவில்லைக்கு இந்தச் சொற்ப மின்சாரம் போதுகிறது.

இதை அறியாமல் பலர் ஒட்டுவில்லையை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டுகிறார்கள். விரல்கள் ஆன்டெனாவை மறைத்தால் வரவேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி உடலுக்குப் போய்விடும். பின்னால் வரிசை நீளும். அப்படிப்பட்ட ஒட்டுவில்லைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2025 ஜூலையில் எடுத்த முடிவு நியாயமானது.

ரீடரே இல்லாமல், செல்போன் கோபுரங்கள் இறைக்கும் அலைகளைத் திரட்டிப் போனுக்கு சார்ஜ் ஏற்றலாமா? ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் போன் தயாரித்த நோக்கியா, 2009-இல் இங்கிலாந்திலுள்ள தன் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் 50 மில்லிவாட்டை இலக்காக வைத்து இதை முயன்றது. கருவி சந்தைக்கு வரவில்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தியும் நின்றது. பின்னர் அந்த ஆலையை வாங்கியது சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம்.

கோபுர அலையால் போனுக்கு சார்ஜ் ஏற்றுவதில் தடை எங்கே என்பதைக் கணக்கு காட்டிவிடும். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களுக்கு வெளியே இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அளந்து 2013-இல் வெளியிட்டபடி, 1800 மெகாஹெர்ட்ஸ் கோபுர அலைகளில் கிடைத்தது சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 84 நானோவாட். 100 சதுர சென்டிமீட்டர் ஆன்டெனா துளியும் இழக்காமல் அதைச் சேர்த்தாலும், 15 வாட்-மணி பேட்டரி நிரம்ப 200 ஆண்டுகளுக்கு மேலாகும். அலை பலவீனமாக இருக்கையில் அதை நேர்மின்னோட்டமாக மாற்றும் டையோடும் சரியாகத் திறக்காததால் நிஜத்தில் இன்னும் குறைவே கிடைக்கும். போனில் ஒட்டினால் காற்றிலிருந்தே சார்ஜ் ஏறும் என்று விற்கப்படும் வில்லைகளை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

அலையிலிருந்து மின்சாரம் திரட்டும் இந்த நுட்பத்துக்கு ஏற்ற இடம் வேறு. ஒரகடத்து வாகன ஆலைகள் போன்ற இடங்களில், எப்போதாவது விழித்து மோட்டாரின் சூட்டை அளந்து சொல்லிவிட்டு மறுபடி உறங்கும் உணரிக்கு மைக்ரோவாட்டே தாராளம். அதைச் சிறுகச் சிறுக ஒரு மின்தேக்கியில் சேர்த்து ஒரே மூச்சில் செலவிடலாம். கோபுர அலை போதாவிட்டால் கூரையில் தனி அலைபரப்பி ஒன்றைப் பொருத்தி, சில மீட்டர் தொலைவில் உள்ள உணரிகளுக்கு ஆற்றல் தரலாம். தீர்ந்ததும் குப்பைக்குப் போகும் பட்டன் செல்கள் அத்தனையும் அதனால் மிச்சம்.