மத எல்லைகளைக் கடந்த விருந்தோம்பல்: திபிரின் மடாலயம் உணர்த்தும் பாடம்

ஹப்புத்தளைக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பெரும்பாலானோர் அடிஷம் பங்களாவையும் பார்த்துவரத் தவறுவதில்லை. ஆங்கிலேயத் தோட்டத்துரை ஒருவர் 1931ஆம் ஆண்டு கட்டிய அம்மாளிகை, 1960களின் தொடக்கம் முதல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடாலயமாக விளங்கி வருகின்றது. அங்கு செல்வோர் பூந்தோட்டத்தைக் கண்டு களிக்கின்றனர். துறவிகள் தயாரிக்கும் ஜாம் போத்தல்களை வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். ஆனால், உலகைத் துறந்து வாழச் சென்றவர்கள் ஊராருக்காக ஏன் கதவைத் திறந்து வைத்திருக்கின்றனர் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இதற்கான விடை, 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் தமது துறவிகளுக்கென வகுத்த ஒழுங்கு விதிகளில் அடங்கியுள்ளது. 73 அத்தியாயங்களைக் கொண்ட அந்நூலின் 53ஆவது அத்தியாயம் விருந்தினரைப் பற்றியதாகும். மடாலயத்தை நாடிவரும் எவரையும் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும் என்றும், ஏழைகள் மீதும் யாத்திரிகர்கள் மீதும் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றும் அது பணிக்கின்றது. செல்வந்தருக்கு அவரது செல்வாக்கே மரியாதையைப் பெற்றுத்தந்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணமாகும். விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைக் கற்றவர்களுக்கும், விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானுடன் இணைத்துக் கூறும் நபிமொழியை அறிந்தவர்களுக்கும் இக்கருத்து புதியதன்று.

எனினும், உயிருக்கு ஆபத்து நேரும் வேளையிலும் இவ்விதியைக் கடைப்பிடிக்க இயலுமா? வட ஆபிரிக்க நாடான அல்ஜீரியாவில், இதே விதியைப் பின்பற்றி வாழ்ந்த ட்ரப்பிஸ்ட் சபைத் துறவிகள் சிலர் இக்கேள்விக்குத் தமது வாழ்வினாலேயே பதிலளித்துள்ளனர்.

தலைநகர் அல்ஜியர்ஸுக்குத் தெற்கே, அட்லஸ் மலைப்பகுதியில் மெதேயா நகருக்கு அண்மையில் திபிரின் என்ற கிராமம் அமைந்துள்ளது. பெர்பர் மொழியில் இப்பெயருக்குத் தோட்டங்கள் என்பது பொருள். பிரெஞ்சு ஆட்சி நிலவிய காலத்தில், 1938ஆம் ஆண்டு துறவிகள் இங்கு வந்து குடியேறினர். 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றபோது ஐரோப்பியர்களில் மிகப் பெரும்பாலானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். துறவிகளில் சிறு குழுவினரோ அங்கேயே தங்கினர். மடாலயத்துக்குச் சொந்தமான நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. எஞ்சிய நிலத்தில் அவர்கள் கிராமத்தவருடன் சேர்ந்து பயிரிட்டனர்.

அவர்களது நாளாந்த வாழ்வின் மையமாக விளங்கியது செபமே. விடியுமுன் எழுந்து, இரவு உறங்கச் செல்லும்வரை குறித்த வேளைகளில் ஆலயத்தில் கூடி சங்கீதங்களைப் பாடினர். இடைப்பட்ட நேரம் உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் மௌனத்துக்கும் உரியதாக இருந்தது. ஐவேளைத் தொழுகையால் ஒரு நாளைப் பகுத்து வாழும் மக்களுக்கு இவ்வாழ்க்கை முறை எளிதில் விளங்கியது. எவரையும் மதம் மாற்றும் முயற்சியில் இத்துறவிகள் ஈடுபடவில்லை. இறைவனை வழிபடும் மக்களின் நடுவே தாமும் வழிபடுவோராக வாழ்வதே தமது பணி என அவர்கள் கருதினர்.

இச்செப வாழ்வே அயலவருக்கும் கதவைத் திறந்து வைத்தது எனலாம். வைத்தியரான அருட்சகோதரர் லூக் 1940களில் அங்கு வந்து, சுமார் அரை நூற்றாண்டு காலம் இலவச மருந்தகம் ஒன்றை நடத்தினார். நோயாளி யார், எப்பக்கத்தைச் சேர்ந்தவர் என அவர் வினவியதில்லை. கிராமத்தில் பள்ளிவாசல் இல்லாதிருந்தபோது, 1980களின் பிற்பகுதியில் மடாலய வளவிலிருந்த ஓர் இடம் தொழுகைக்காக வழங்கப்பட்டது. இதனால் ஆலய மணியோசையும் பாங்கொலியும் ஒரே வளவிலிருந்து எழுந்தன. 1979இல் தொடங்கப்பட்ட 'ரிபாத் அஸ்ஸலாம்' என்ற ஆன்மிக வட்டத்தில், அப்பகுதியின் சூபி முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் காலத்துக்குக் காலம் சந்தித்துத் தியானித்தனர்.

1984இல் மடாலயத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அருட்தந்தை கிறிஸ்தியான் டி ஷெர்ஜே, தம்மை விருந்தளிப்பவராக அன்றி விருந்தினராகவே கருதினார். இதற்கு ஓர் ஆழ்ந்த காரணம் உண்டு. அல்ஜீரிய சுதந்திரப் போரின்போது, 1959இல் அவர் பிரெஞ்சு இராணுவத்தின் இளம் அதிகாரியாகப் பணியாற்றினார். அவருடன் நட்புக் கொண்டிருந்த முஹம்மத் என்ற கிராமக் காவலர், ஆயுததாரிகளிடமிருந்து அவரைக் காப்பாற்றினார். மறுநாள் அந்த முஸ்லிம் நண்பர் கொலையுண்டு கிடந்தார். தமது உயிர் ஒரு முஸ்லிம் அயலவர் அளித்த கொடை என்ற உணர்வே கிறிஸ்தியானைப் பின்னாளில் மீண்டும் அல்ஜீரியாவுக்கு அழைத்து வந்தது.

1990களில் அல்ஜீரியாவை உள்நாட்டுப் போர் சூழ்ந்தது. இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படும் அப்போரில் மிகப் பெரும்பாலும் பலியானவர்கள் முஸ்லிம்களே. வன்முறையை ஆதரிக்க மறுத்த இமாம்கள் பலரும் அவர்களுள் அடங்குவர். 1993ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஆயுதக் குழுவொன்று மடாலயத்துக்குள் நுழைந்து, வைத்தியரையும் மருந்துகளையும் பணத்தையும் கோரியது. ஆயுதங்களுடன் உள்ளே பேச முடியாது என மறுத்த கிறிஸ்தியான், காயமுற்றோர் ஏனைய நோயாளிகளைப் போன்றே மருந்தகத்துக்கு வரலாம் என்றார். குழுவினர் அன்று திரும்பிச் சென்றனர்.

வெளியேறுவதா, தங்குவதா என்ற கேள்வி துறவிகளை வாட்டியது. அச்சம் அவர்களுக்கும் இருந்தது. சிலர் தொடக்கத்தில் வெளியேறவே விரும்பினர். தாம் கிளையில் அமர்ந்திருக்கும் பறவைகளைப் போன்றவர்கள் எனத் துறவிகள் கூறியபோது, கிளையே நீங்கள்தான், பறவைகள் நாங்கள் எனக் கிராமத்தவர் பதிலளித்ததாகக் கூறப்படுகின்றது. ஓரிடத்தில் நிலைத்திருப்பதாக வாக்களிப்பது இத்துறவிகளின் வார்த்தைப்பாடுகளுள் ஒன்றாகும். மீண்டும் மீண்டும் கலந்து பேசியபின் அவர்கள் தங்குவதெனத் தீர்மானித்தனர்.

1996 மார்ச் 26ஆம் திகதி நள்ளிரவு கடந்து, துறவிகள் எழுவர் கடத்தப்பட்டனர். 82 வயதான லூக்கும் அவர்களுள் ஒருவர். இருவர் மாத்திரம் கடத்தல்காரர்களின் கண்ணில் படாது தப்பினர். கடத்தப்பட்டவர்களைக் கொன்றுவிட்டதாக ஜீ.ஐ.ஏ. என்ற ஆயுதக் குழு மே மாதம் அறிவித்தது. எனினும், அவர்கள் எவ்வாறு, யாரால் கொல்லப்பட்டனர் என்பது குறித்த சர்ச்சை இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை.

தாம் கொல்லப்படலாம் என எதிர்பார்த்து கிறிஸ்தியான் முன்னரே எழுதி வைத்திருந்த இறுதி மடல் பின்னர் வெளியிடப்பட்டது. தமது மரணத்தைக் காரணமாகக் காட்டி அல்ஜீரிய மக்களையோ இஸ்லாத்தையோ இழிவுபடுத்தக் கூடாது என்பதே அதன் சாரமாகும். தம்மைக் கொல்லப் போகின்றவரையும் அவர் நண்பர் என்றே விளித்து மன்னித்திருந்தார்.

எழுவரும் 2018 டிசம்பர் 8ஆம் திகதி ஒரான் நகரில் முத்திப்பேறு பெற்றவர்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டனர். அந்நிகழ்வையொட்டி, அந்நகரின் பெரிய பள்ளிவாசலில், போரில் கொல்லப்பட்ட இமாம்களும் நினைவுகூரப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 2016 முதல் வேறொரு கத்தோலிக்கக் குழுமம் திபிரினில் வாழ்ந்து வருகின்றது. அங்கும் தோட்டம் பயிரிடப்படுகின்றது, ஜாம் தயாரிக்கப்படுகின்றது. எழுவரின் கல்லறைகளைத் தரிசிக்க வருவோரில் பெரும்பாலானோர் அல்ஜீரிய முஸ்லிம்களாவர்.

அயலவரைச் சந்தேகத்துடன் நோக்குவதற்குப் போர்க்காலம் நமக்கும் கற்றுத்தந்தது. ஒருவரது வழிபாட்டில் மற்றவர் கலந்துகொள்ளாமலேயே ஒரே வளவைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்குத் திபிரின் சான்றாக உள்ளது. அவரவர் நம்பிக்கையில் உறுதியாக நின்றவர்களால்தான் அது இயன்றது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அடுத்த தடவை ஹப்புத்தளை மடாலயத்தின் வாயிலைக் கடக்கும்போது, அந்தக் கதவு ஏன் திறந்திருக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். நமது வீட்டுக் கதவு எவரெவருக்குத் திறந்திருக்கின்றது என்பதையும் அத்துடன் எண்ணிப் பார்ப்பது நன்று.